நடுவர் இல்லாத பட்டிமன்றம்: ஜூபிலி வளர்ந்த விதமும் மலையகத்தின் கணக்கும்

வெறுமையான ஒரு மண்டபம். நடுவில் சின்ன மேசை, எதிரெதிராக இரண்டு கதிரை. ஒன்றில் ஊரறிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி வட்டமாக இருபது, இருபத்தைந்து பேர். அவர் ஒரு கருத்தை அறிவித்ததும் சுற்றியிருப்பவர்கள் எழும்பி எதிர்க் கதிரையை நோக்கி ஓடுவார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் வாதாடுவார். அவர் சொதப்புகிறார் என்று மற்றவர்கள் நினைத்தால் சிவப்புக் கொடியைத் தூக்குவார்கள். பெரும்பான்மை தூக்கிவிட்டால் அவர் எழும்ப வேண்டும், அடுத்தவர் ஓடி வருவார். இந்த நிகழ்ச்சியின் பெயர் ‘சரவுண்டட்’. முழு நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் வரை போகும். ஆனால் பலருக்கு அது டிக்டொக்கில் வந்து விழுந்த ஒரு நிமிடத் துண்டாகத்தான் தெரியும்.

இதைத் தயாரிப்பது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ஜூபிலி மீடியா என்ற நிறுவனம். அதன் யூடியூப் சனலுக்கு 2025இல் சுமார் ஒரு கோடி சந்தாதாரர்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் போனும் மைக்கும் வைத்துக்கொண்டு ‘நாமளும் இப்படி ஒரு பேச்சு நிகழ்ச்சி செய்தால் என்ன’ என்று கேட்கும் இளைஞர்களுக்கு முதலில் ஞாபகம் வருவதும் இதுபோன்ற நிகழ்ச்சிதான். கேள்வி நியாயமானது. ஆனால் ஜூபிலி எதை விற்று வளர்ந்தது என்று பார்க்காமல் கதிரையையும் கொடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், இங்கே அதன் விலையைக் கொடுக்கப்போவது சனல் நடத்துபவர் அல்ல. கதிரையில் வந்து உட்காரும் ஆள்தான்.

சுரங்க ரயில் நிலையத்தில் தொடங்கியது

2010 ஜனவரியில் ஹெயிட்டியில் பெரும் நிலநடுக்கம். அப்போது பெயின் என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜேசன் லீ என்ற கொரிய அமெரிக்க இளைஞர், நிவாரணத்துக்காக நியூயோர்க் சுரங்க ரயில் நிலையத்தில் பாடிப் பணம் சேர்த்தார். அதைப் படமாக்கி யூடியூபில் போட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஜூபிலி புராஜெக்ட். சகோதரர் எடி லீ, நண்பர் எரிக் லூ ஆகியோரோடு சேர்ந்து நல்ல நோக்கங்களுக்காகக் குறும்படங்கள் எடுத்துப் போட்ட ஓர் இலாப நோக்கற்ற அமைப்பு அது. மனதைத் தொடும் சின்னச் சின்னக் கதைகள். பார்த்தவர்கள் அழுதார்கள், பகிர்ந்தார்கள். ஆனால் அழவைக்கும் குறும்படத்தை வாரா வாரம் செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கதை வேண்டும், நடிகர் வேண்டும், இடம் வேண்டும்.

2017இல் அது ஜூபிலி மீடியா என்ற இலாபம் தேடும் நிறுவனமாக மாறியது. மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தூண்டுவது என்ற குறிக்கோளை அப்படியே வைத்துக்கொண்டார்கள், செய்யும் பண்டத்தை மாற்றினார்கள். எழுதப்பட்ட கதைக்குப் பதிலாக, முன்பின் தெரியாத ஆட்களை ஓர் அறையில் விட்டு, ஒரு விதியை மட்டும் கொடுத்துப் பேசவைப்பது. வளர்ச்சி அங்கேதான் பிடித்தது.

அந்த விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘மிடில் கிரவுண்ட்’ நிகழ்ச்சியில் எதிர்க் கருத்துள்ள இரண்டு குழுக்கள். பூமி தட்டை என்பவர்களும் விஞ்ஞானிகளும் மோதிய எபிசோட் அதில் பெயர்போனது. சட்டகத்துக்கு வெளியே ஒரு குரல் ஒரு வசனத்தை வாசிக்கும். ஒத்துக்கொள்பவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து பேசுவார்கள், பிறகு மற்றவர்களும் வந்து சேர்வார்கள். ‘ஸ்பெக்ட்ரம்’ நிகழ்ச்சியில் தரையில் கோடுகள். ஒரு முனை முழு உடன்பாடு, மறு முனை முழு மறுப்பு. ஒரே இனத்தையோ தொழிலையோ மதத்தையோ சேர்ந்த சிலரை நிறுத்தி வைத்து ஒவ்வொரு வசனத்துக்கும் எந்தக் கோட்டில் போய் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். ‘ஒட் வன் அவுட்’டில் குழுவுக்குள் ஒரு போலி ஒளிந்திருப்பார், மற்றவர்கள் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான சூட்சுமம் இருக்கிறது. கருத்து உடம்பின் அசைவாக மாறுகிறது. ஒருவர் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கி, பாதியில் தயங்கி, ஒரு அடி பின்வாங்குவதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும். பஸ்ஸில் காதுக்கருவி இல்லாமல் போனைப் பார்ப்பவரையும் அது பிடித்து நிறுத்தும். ஒரே தலைப்பில் வாதாடும் இரண்டு முகங்களைக் காட்டும் பழைய தொலைக்காட்சி விவாதத்தால் இதைச் செய்ய முடியாது.

நமக்கு விவாத நிகழ்ச்சி புதிதல்ல. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விசுவின் ‘அரட்டை அரங்கம்’, அப்புறம் 2006இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘நீயா நானா’, இரண்டையும் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளின் கூரையில் டிஷ் வந்த நாளிலிருந்து மலையகத்து வீடுகள் பார்த்து வந்திருக்கின்றன. அதற்கும் முன்னால், தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு தரப்பு, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாட்டாலேயே விடிய விடிய வழக்காடியது. அந்த மன்மதனின் கதையைத்தான் நம் தோட்டங்கள் மாசி மாதக் காமன் கூத்தில் இன்றும் ஆடுகின்றன.

ஆனால் பட்டிமன்றத்தின் நட்சத்திரம் நடுவர். சாலமன் பாப்பையா இல்லாவிட்டால் அந்த மேடை வேறு மேடை. ‘நீயா நானா’வை மக்கள் கோபிநாத்தின் நிகழ்ச்சி என்றே சொல்கிறார்கள். ஜூபிலி செய்த வேலை அந்த நடுவரை எழுப்பி அனுப்பியதுதான். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை, விதி மட்டும் இருக்கிறது. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது பெரிய கெட்டித்தனம். நட்சத்திர நடுவருக்குச் சம்பளம் ஏறும், உடம்பு முடியாமல் போகும், இன்னொரு சனல் கூட்டிக்கொண்டு போய்விடும். விதி நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும், யார் வேலையை விட்டுப் போனாலும் அடுத்த எபிசோட் வரும். பங்கேற்பவர்களும் ஒவ்வொரு தடவையும் புதியவர்கள். ஆக, பொருள் தீர்ந்துபோகாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடி சந்தாதாரர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி, சண்டை.

நடுக்கோட்டிலிருந்து வட்டத்துக்கு

2024 செப்டம்பரில் ‘சரவுண்டட்’ தொடங்கியது. முதல் எபிசோடில் நடுவில் உட்கார்ந்தவர் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கேர்க். சுற்றி இருபத்தைந்து தாராளவாத மாணவர்கள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்த நேரம் அது. பிறகு, ஜனநாயகக் கட்சியின் பீட் புட்டிஜெஜ் இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்கள் மத்தியில் வந்து உட்கார்ந்தார். அரசியல்வாதிகள் தாங்களாகவே தேடி வரும் இடமாக ஒரு யூடியூப் சனல் மாறிவிட்டது என்பதை அதுவே காட்டியது.

2025 மே மாதம் உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன் இருபது நாத்திகர்களோடு உட்கார்ந்தார். நிகழ்ச்சி முதலில் ஒரு கிறிஸ்தவருக்கு எதிராக இருபது நாத்திகர் என்ற தலைப்போடு வெளிவந்தது. உள்ளே பேச்சு சூடாகி, நீங்கள் கிறிஸ்தவர்தானா என்று கேட்டபோது அவர் ஆம் என்று சொல்ல மறுத்தார். பிறகு தலைப்பிலிருந்த ‘கிறிஸ்தவர்’ எடுக்கப்பட்டு அவருடைய பெயர் வந்தது. தலைப்பு முதலில், மனிதர் பிறகு என்ற ஒழுங்கில் வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே ஆண்டு ஜூலையில் ஊடகவியலாளர் மெஹ்தி ஹசன் இருபது தீவிர வலதுசாரிகளோடு உட்கார்ந்த எபிசோட் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பங்கேற்ற ஓர் இளைஞர் தன்னைப் பாசிஸ்ட் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சில நாட்களில் தன் வேலை போய்விட்டதாக அவரே அறிவித்தார். அவர் சொன்ன கருத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நிகழ்ச்சி முடிந்ததும் கமரா அடுத்த எபிசோடுக்குப் போய்விட்டது. பேசியவர் தன் பேச்சோடு ஊருக்குத் திரும்பினார்.

2017இன் ‘மிடில் கிரவுண்ட்’டையும் 2024இன் ‘சரவுண்டட்’டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். முன்னதில் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை, முன்னால் வந்து உட்காரும் விதி, முடிவில் கைகுலுக்கலுக்கு இடம். பின்னதில் ஒருவருக்கு எதிராகக் கூட்டம், ஓட்டம், நேரக்கணக்கு, வெளியேற்றும் கொடி. புரிந்துகொள்ள நேரம் எடுக்கும். ஒருவரைப் பேச்சில் மடக்க ஏழு விநாடி போதும், அந்த ஏழு விநாடியை வெட்டி எடுத்து டிக்டொக்கில் போடலாம். அந்தத் துண்டே முழு நிகழ்ச்சிக்கு விளம்பரம். யாரும் திட்டம் போட்டு நல்லதைக் கெட்டதாக்கினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் காணொளி ஓடுகிறதோ அதைப்போல இன்னொன்றைச் செய்யத் தூண்டும் ஒரு சந்தையில் எட்டு வருடம் இருந்தால், குறிக்கோள் சுவரில் தொங்கும், விதி தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே போகும்.

யாருடைய காசு

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூடியூபில் விளம்பரப் பங்கு முழுமையாகக் கிடைக்க ஒரு சனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது தொண்ணூறு நாட்களுக்குள் ஒரு கோடி ஷோர்ட்ஸ் பார்வையும்) வேண்டும். நீளக் காணொளியில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சனலுக்கு, ஷோர்ட்ஸில் 45 சதவீதம். ஆனால் நூறு பார்வைக்கு எவ்வளவு என்பது பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலையை மஸ்கெலியாவில் பார்ப்பவருக்குக் கொடுக்கமாட்டார். இலங்கையிலிருந்து இப்படி வெளிநாட்டு வருமானம் பெறுபவர்களுக்கு 2025 ஏப்ரலில் இருந்து வரியும் வந்திருக்கிறது, உச்சம் 15 சதவீதம்.

இனி ஆள் கணக்கு. மலையகத் தமிழரைக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழர் என்று பதியும். 2012 மதிப்பீட்டில் அப்படிப் பதிவானவர்கள் எட்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, நாட்டு மக்களில் 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியவர்கள். 2024 மதிப்பீட்டில் அது 2.8 சதவீதமாக இறங்கியது. இதில் எவ்வளவு பேர் இடம்பெயர்ந்தவர்கள், எவ்வளவு பேர் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் என்பதே பெரிய விவாதம். சொல்லப்போனால் ‘ஸ்பெக்ட்ரம்’ கோட்டில் நிறுத்திக் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது. எப்படிப் பார்த்தாலும் பத்து இலட்சத்துக்கு உட்பட்ட ஒரு சமூகத்தை நம்பி, அதுவும் குறைந்த விளம்பர விலையில், ஸ்டூடியோவும் நாலு கமராவும் வைத்த நிறுவனம் நடத்த முடியாது. பார்வையாளர் தமிழ்நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரவேண்டும். அல்லது காசு வேறு கையிலிருந்து வரவேண்டும்.

வேறு கை என்றால் என்ன? நகைக்கடை, ரியூஷன் வகுப்பு, திருமண மண்டபம் தரும் சின்ன அனுசரணைகள். அரசுசாரா நிறுவனத்தின் ஒரு வருடத் திட்டம். அல்லது தேர்தல் நெருங்கும்போது எல்லோருக்கும் தாராளமாகத் திறக்கும் அரசியல் பை. முதலாவது போதாது. இரண்டாவது திட்டம் முடிந்ததும் நின்றுவிடும். மூன்றாவதை வாங்கினால் தொழிற்சங்கத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது, மலையகத்தில் தொழிற்சங்கத்தைத் தொடாமல் பேச முடிந்த விஷயம் கொஞ்சம்தான். நீங்கள் பார்க்கும் மலையகச் சனல்கள் பல திருவிழா நேரலை, கல்யாண வீடியோ, சுற்றுலா வீடியோ என்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் சிந்தனை வறட்சி இல்லை, இந்தக் கணக்குத்தான்.

கதிரையில் உட்காருபவர்

ஜூபிலியின் விதி ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. அறைக்குள் வருபவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள், படப்பிடிப்பு முடிந்ததும் இருபது திசைக்குப் பிரிந்து போய்விடுவார்கள். பெருநகரத்தில் அது உண்மை. ஒரு தோட்டத்து டிவிசனில் அந்நியர் யார்? மேட்டு லயத்தில் இருப்பவரைப் பணிய லயத்தில் இருப்பவருக்கு மூன்று தலைமுறையாகத் தெரியும். விவாதத்தில் எதிரே உட்கார்ந்தவர் அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பக்கத்தில் நிற்பார்.

அதைவிட முக்கியம் வீடு. 1970களில் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. இந்த மாற்றங்கள் எதிலும் லய அறை அதில் குடியிருப்பவரின் பெயருக்கு வரவில்லை. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னும் 10,000 என்று தனிவீட்டுத் திட்டங்கள் வந்தாலும், பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான். வேலை தோட்டத்தில், கூரை தோட்டத்தில், தண்ணீர் தோட்டத்து வழியில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவும் தோட்டத்தில். அமெரிக்காவில் நாக்கு சறுக்கியவருக்கு வேலை போனது. இங்கே ஒருவர் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது எடையில் நடக்கும் கழிவைப் பற்றிக் கமரா முன்னால் பேசினால், பேசியதன் விளைவு வேலைக்கும் வரும், கூரைக்கும் வரும். தோட்ட நிர்வாகியான துரை நேராக எதுவும் செய்யத் தேவையில்லை. கொழுந்து பறிக்க நல்ல மலை கிடைக்காது, ஓய்வு பெற்ற பிறகு பெயர் பதியக் கேட்டால் காகிதம் நகராது.

பேச்சைத் தோட்டத்துக்குள் விடுவது இந்த மண்ணில் எப்போதுமே கஷ்டமான காரியமாக இருந்திருக்கிறது. வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்குப் போட்ட காலத்தில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனதாக மலையக வரலாறு சொல்கிறது. அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டு எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். பாட்டாகச் சொன்னபோது சனங்களின் காதுக்குப் போனது. இன்றைக்குக் கமராவோடு போகும் பொடியனுக்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி தருபவரைப் பற்றியே நிகழ்ச்சி என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெண்கள் விஷயம் தனி. தோட்டத்தின் உற்பத்தியில் பெரும்பகுதி பெண்களின் விரல் நுனியில் நடக்கிறது, பேச வரச் சொன்னால் தலைவர்மார்தான் வருவார்கள். ஒரு பெண் வந்து பேசிவிட்டால், பேச்சைப் பற்றிய கொமென்ட்டைவிட அவள் உடுத்தியதைப் பற்றியும் அவள் வீட்டைப் பற்றியும் வரும் கொமென்ட் கூடுதலாக இருக்கும். ஒரு நிமிடத் துண்டு வட்ஸ்அப் குழுக்களில் ஏறிய பிறகு சனல் அதை நீக்கினாலும் பிரயோசனமில்லை. 2024இல் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். கொழுந்து பறிக்கும் பெண் தன்னைப் பற்றிய ஒரு துண்டு வீடியோவுக்காக ஆணைக்குழு வரை போய் முறையிடுவதை நான் கற்பனை செய்து பார்க்கிறேன், நடக்கும் காரியமாகத் தெரியவில்லை.

அப்புறம், சிவப்புக் கொடி. பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பதினெட்டு வயதுப் பிள்ளை கொடி தூக்கி அவரை எழுப்புவது இங்கே வாதத்தின் வெற்றியாகப் படாது, மரியாதைக்கேடாகத்தான் படும். உறவுமுறை எல்லா வாதத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். “தலைவரே, போன சம்பளப் பேச்சுல நம்ம கைக்கு என்னா மிஞ்சுச்சு?” என்று ஒரு பொடியன் கேட்டால், “தம்பி, ஒங்க அப்பா காலத்துலருந்து நான் சங்கத்துல இருக்கேன்” என்று பதில் வரும். கேட்டவன் அதற்குமேல் என்ன சொல்வான்? கேள்வி தலைவரிடம் கேட்டது, பதில் பெரியப்பாவிடமிருந்து வந்தது. இதை ஜூபிலியின் விதி கணக்கில் எடுக்கவில்லை, அதற்கு எடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எந்த விதி இங்கே நிற்கும்

இதையெல்லாம் பார்த்துவிட்டு மலையகத்துக்கு உரையாடல் நிகழ்ச்சி சரிவராது என்று முடிவு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பேச வேண்டிய விஷயங்கள் குவிந்து கிடக்கின்றன. நாட்சம்பளமா, ஆளுக்குக் கொஞ்சம் தேயிலை பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் வெளியார் உற்பத்தி முறையா? வீட்டுக்குக் கொடுக்கும் ஏழு பேர்ச்சஸ் காணி போதுமா? ஓ.எல். பரீட்சை முடித்ததும் கொழும்புக் கடைக்குப் போகும் பையன் திரும்பி வருவானா? மலையக மக்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து ‘மலையகம் 200’ என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களுக்கு அந்த நடை எதைக் கொடுத்தது? சாதியைப் பற்றி ஏன் கல்யாணப் பேச்சில் மட்டும் பேசுகிறோம்? இவற்றில் பாதியைக் கொழும்பு ஸ்டூடியோவில் உட்கார்ந்து அரசியல்வாதிகள் பேசுகிறார்கள், மீதிப் பாதியை யாரும் தொடுவதில்லை.

ஜூபிலியின் பெட்டியிலிருந்து எடுப்பதானால் நான் ‘சரவுண்டட்’டை விட்டுவிட்டு ‘ஸ்பெக்ட்ரம்’மை எடுப்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டத்துச் சனம் முழுக்க ஒரே குரல், ஒரே சங்கடம், ஒரே கோரிக்கை. ஆறு பேரைக் கோட்டில் நிறுத்தி ‘என் பிள்ளை தோட்டத்தில் வேலை செய்வதை விரும்புகிறேன்’ என்று வாசித்தால் ஆறு பேரும் ஆறு இடத்தில் நிற்பார்கள். அதில் யாரும் யாரையும் தோற்கடிக்கத் தேவையில்லை. மூத்தவரை எதிர்த்துப் பேசாமலே வேறு கோட்டில் போய் நிற்க முடியும். வாயால் சொல்லத் தயங்குவதைக் கால் சொல்லிவிடும்.

‘மிடில் கிரவுண்ட்’டுக்கு அந்நியர்கள் வேண்டுமென்றால் அவர்களும் இங்கே இருக்கிறார்கள், தோட்டத்துக்குள் தேடக்கூடாது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒரே பாதையில், ஒரே பஸ்ஸில், ஒரே ஞாயிற்றுச் சந்தையில் சந்திக்கின்றன. பாடசாலை மட்டும் மொழிவாரியாக வேறு. அந்தக் கிராமத்து விவசாயிக்கும் தோட்டத்து இளைஞனுக்கும் காணி பற்றி, தண்ணீர் பற்றி, ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் சந்தேகம் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது மண் இரண்டு பக்கத்தையும்தான் மூடியது. இரண்டு மொழி, இரண்டுக்கும் உபதலைப்பு என்று ஒரு நிகழ்ச்சி செய்தால் பார்வையாளர் எண்ணிக்கையும் பத்து இலட்சத்தோடு நின்றுவிடாது. காசுக் கணக்கிலும் எனக்கு வழியாகத் தெரிவது இது ஒன்றுதான்.

இன்னொரு அந்நியம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைக்கு மலையகம் என்ன? யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன ஹட்டன் மாணவி அங்கே என்ன கேட்டாள், என்ன கேட்க வேண்டியிருந்தது? வடக்குச் சனல்களும் மலையகச் சனல்களும் சேர்ந்து செய்தால் இதற்கு வெளிநாட்டுத் தமிழர் மத்தியிலும் ஆள் வரும். சண்டையாக்கி வெட்டிப் போட்டால் இன்னும் அதிகம் வரும் என்பதும் தெரிந்ததுதான், அந்த இடத்தில் கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

இடம் தோட்டத்துக்கு வெளியே இருப்பது நல்லது. நகரத்து மண்டபம், கோயில் கல்யாண மண்டபம், பாடசாலை விடுமுறையில் ஒரு வகுப்பறை. நிர்வாகத்திடம் கேட்கத் தேவை வராது, தகரக் கூரையில் மழை கொட்டி ஒலிப்பதிவு வீணாகவும் மாட்டாது. மலையில் மழைக்காலத்தில் படம் எடுத்தவர்களுக்கு இரண்டாவது காரணம்தான் முதலில் விளங்கும். வெவ்வேறு தோட்டங்களிலிருந்து ஆட்களை அழைப்பதும் அதே காரணத்துக்காக: நுவரெலியாப் பக்கத்து ஆளும் இறக்குவானைப் பக்கத்து ஆளும் அடுத்த நாள் ஒரே பெரட்டில் நிற்கப் போவதில்லை.

முகத்தைக் காட்டாமல் பேசவைப்பதும் ஒரு வழி. ஆனால் சின்னச் சமூகத்தில் குரலும் பேச்சும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பயன்படுவது, வெளியிடுவதற்கு முன்னால் வெட்டித் தொகுத்ததைப் பேசியவருக்கே போட்டுக் காட்டி, வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவது. பெரிய சனல்கள் இதைக் கேட்டால் சிரிக்கும், ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகு படம் அவர்களுடையது. ஆனால் கையெழுத்துப் போடுபவருக்கு வாசித்துக் காட்டாத எத்தனையோ காகிதங்களில் பெருவிரல் வைத்த சமூகம் இது. எந்தத் துண்டு டிக்டொக்குக்குப் போகும் என்பதையும் அவரே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஊர் பார்க்கப் போவது அந்தத் துண்டைத்தான்.

கடைசியாக நாட்கூலி. படப்பிடிப்பு என்றால் ஒரு முழு நாள். போயாவிலோ ஞாயிறிலோ வைத்தால் சரி. வேலை நாளில் வைத்தால் வருபவருக்கு அன்றைய பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும். அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவும் சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தார்கள். அந்த 200 வேலைக்குப் போனால்தான் வரும். நிகழ்ச்சிக்கு வருபவர் இழக்கும் அன்றைய கூலி முழுவதும், பஸ் காசும், மத்தியானச் சாப்பாடும் முதல் எபிசோடின் செலவுப் பட்டியலில் கமரா வாடகைக்கு மேலே எழுதப்பட வேண்டியவை.